துப்பாக்கிக் குழலில் ஓட்டையை எங்கே போடுவது? ஜான் கேரண்டின் கதை

இரண்டாம் உலகப் போரில் பெரும்பாலான நாடுகளின் காலாட்படை வீரர்கள், ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டியிருந்தது. அமெரிக்க வீரரின் கையில் இருந்த எம்1 துப்பாக்கி அந்த வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. விசையை 8 முறை அழுத்தினால் 8 குண்டு, அவ்வளவுதான். அதை வடிவமைத்தவர் ஜான் கேரண்ட்.

யார் இவர்?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், செயின்ட் ரெமி என்ற ஊரில் 1888 ஜனவரி 1 அன்று பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பம் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஒரு துணி ஆலையில் தரை கூட்டும் வேலை. கூட்டிக்கொண்டே இயந்திரங்களைப் பார்த்துப் பார்த்து மெக்கானிக் ஆகிவிட்டார். 1919-ல் மாசசூசெட்ஸில் இருந்த ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதத் தொழிற்சாலையில் சேர்ந்தார். பல ஆண்டுகள் மெனக்கெட்டு அவர் உருவாக்கிய எம்1-ஐ ராணுவம் 1936-ல் ஏற்றுக்கொண்டது.

காஸுக்கு என்ன வேலை?

மருந்து எரியும்போது உருவாகும் காஸ்தான் குண்டை முன்னே தள்ளுகிறது. அதில் கொஞ்சத்தைத் திருப்பிவிட்டு ஒரு பிஸ்டனைத் தள்ளினால், காலித் தோட்டா வெளியே போகும். அடுத்தது உள்ளே வரும். கேள்வி இதுதான்: அந்தக் காஸை எந்த இடத்தில் எடுப்பது?

தோட்டா வெடிக்கும் அறைக்குப் பக்கத்தில் எடுத்தால் அழுத்தமும் சூடும் மிக அதிகம். பாகங்கள் வேகமாக மோதும், சீக்கிரம் தேயும். குண்டு முன்னே போகப் போக அழுத்தம் இறங்கிவிடும்.

கேரண்ட் முதலில் கடைசி எல்லைக்கே போனார். குழலின் முனையைத் தாண்டி வரும் காஸை, அங்கே மாட்டிய ஒரு மூடியில் பிடித்தார். ஆனால் அதில் கரி படிந்தது. முன்பகுதியும் உறுதியாக நிற்கவில்லை. 1940 வாக்கில் இந்த அமைப்பு மாற்றப்பட்டது. முனைக்குச் சற்று முன்பாகக் குழலிலேயே சின்ன ஓட்டை போடப்பட்டது.

இதற்கும் ஒரு விலை இருந்தது. முனையில் எடுத்த விசையைப் பின்னால் உள்ள போல்ட் வரை கொண்டுபோக, நீளமான ஒரு கம்பி தேவை. மெதுவாக எரியும் மருந்து உள்ள தோட்டாவைப் போட்டால், ஓட்டை இருக்கும் இடத்திலும் அழுத்தம் குறையாமல் இருக்கும். அந்தக் கம்பி வளைந்துவிடும். பழைய எம்1 வைத்திருப்பவர்கள் இன்றும் தோட்டாவைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

பலன் யாருக்கு?

போர்க்காலத்தில் மட்டும் சுமார் 40 லட்சம் எம்1 துப்பாக்கிகள் தயாராயின. கேரண்ட் அரசு ஊழியர். உரிமைகளை அரசுக்கே எழுதிக்கொடுத்திருந்தார். அதனால் ஒரு துப்பாக்கிக்குக்கூட ராயல்டி வரவில்லை. அவருக்கு 1 லட்சம் டாலர் தரலாம் என்று நாடாளுமன்றத்தில் வந்த மசோதாவும் நிறைவேறவில்லை. 1953-ல் ஓய்வு பெற்றார், 1974-ல் காலமானார்.

அவர் தலையைப் பிய்த்துக்கொண்ட அதே கேள்வி பின்னால் வந்த துப்பாக்கிகளையும் விடவில்லை. எம்16-ஐச் சுருக்கி எம்4 செய்தபோது, காஸ் எடுக்கும் ஓட்டையும் அறைக்கு நெருக்கமாக வந்தது. போல்ட் வேகமாக அடித்தது, தேய்மானமும் கூடியது.