லூயி பிளேரியோ

விழுப்புரத்தினின்றும் திண்டிவனத்தினின்றும் இரயிலேறிச் சென்னை செல்லும் நாம் பல்லாவரத்தைக் கடந்தே செல்கிறோம். 1910-ஆம் ஆண்டில் சென்னை ஹோட்டல் அதிபர் டி ஏஞ்சலிஸ் துரை, தாம் செய்வித்த ஆகாய விமானத்தைப் பறக்கவிட்டது அவ்விடத்தேயாம். அதற்கு முந்திய ஆண்டில் உலகை வியப்பித்தவர் லூயி பிளேரியோ. அவர் சரித்திரத்தைச் சிறிது நோக்குவோம்.

அவர் 1872-ல் பிரான்சு தேசத்துக் காம்பிரே நகரிற் பிறந்தார். மோட்டார் வண்டி விளக்குகள் செய்து ஈட்டிய பொருளின் பெரும்பகுதியைத் தாமே சமைத்த விமானங்களிற் செலவிட்டார். அவற்றுட் பல தரையில் மோதி நொறுங்கின. அவர் தளர்ந்தாரல்லர், ஒன்றன் சிதைவிற் கண்ட பிழையை மற்றொன்றில் திருத்தினார்.

1909 ஜூலை 25-ஆம் நாள், சுட்டுப் புண்ணான காலுடன், தம் 11-ஆம் விமானத்திலேறிச் சுமார் 36 நிமிஷத்தில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினார். டோவரில் காற்று சுழற்றவே, இயந்திரத்தை நிறுத்தி வீழ்ந்தாற்போல் இறங்கினார். சக்கரத் தாங்கியும் சுழல்விசிறியும் முறிந்தன. அவரோ உயிர் பிழைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் கான்ஸ்டாண்டிநோபிளில் ஒரு வீட்டுக் கூரைமீது வீழ்ந்து விலாவெலும்பு முறியப்பெற்றார். அதன்பின் பந்தயப் பறத்தலை விடுத்து, விமானம் செய்யுந் தொழிலில் நிலைத்து, 1936-ல் காலமானார்.

எழும்புதலினும் இறங்குதலே அரிது. இறங்கவேண்டிய காலம் அறிதல் அதனினும் அரிது. பல்லாவரத்தைக் கடக்குந்தோறும் இதனை நாம் நினைவோமாக.