எழுத்தர் மேசையில் ஒரு மேதை

புத்தாண்டு பிறந்துவிட்டது! இனி வேலையில் சலிப்படைய மாட்டேன், ஊக்கத்தோடு உழைப்பேன் என்று உறுதி பூணாதவர் நம்மில் யார்? பொங்கலுக்குள் அவ்வுறுதி கரைந்துவிடுவதும் நாம் அறிந்ததே. கணிதம் பயிலும் எனக்கு, ஜனவரி வந்தால் சீனிவாச இராமானுஜன் நினைவுதான் வரும். மேதை இராமானுஜனை எல்லோரும் அறிவர். மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கெழுதிய இராமானுஜனைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். கணிதம் ஒன்றையே கருதி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை பறிபோயிற்று. சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1909-இல் திருமணமும் ஆயிற்று. நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பணம் தந்து ஆதரித்தார். ஆனால் உழைக்காமல் பெறும் பணம் இராமானுஜனுக்கு உறுத்தியது. வேலை தேடினார்.

1912 மார்ச் 1 அன்று, போர்ட் டிரஸ்ட் எனப்பட்ட சென்னைத் துறைமுக அலுவலகத்தில், கணக்குப் பிரிவு எழுத்தராகச் சேர்ந்தார். எங்கள் பட்டினப்பாக்கம் கடற்கரையில் நின்று வடக்கே நோக்கினால், அத்துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கப்பல்களின் விளக்குகள் இரவில் தெரியும். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மாலையில் ஒரு கடையில் பில் போடுகிறேன். இதற்கா படிக்கிறோம் என்ற எண்ணம் சில நாள் எழுவதுண்டு. அப்போதெல்லாம் அந்த விளக்குகளைப் பார்ப்பேன்.

இராமானுஜன் அவ்வேலையை இழிவாகக் கருதவில்லை. அலுவலகக் கணக்கை முடித்துவிட்டுத் தம் கணக்கைத் தொடங்குவார். காகிதம் வாங்க வசதி ஏது? சரக்குகளைச் சுற்றிவரும் தாள்களைத் துறைமுகத்தில் தேடிப் பொறுக்கி, அவற்றில் எழுதினாராம்! நமக்குக் கிடைக்கும் பயிற்சி ஏடுகளை எண்ணிப் பாருங்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மனவூக்கம் மட்டுமே அவரை உயர்த்தியது என்று மேடையில் முழங்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. அவருடைய மேலதிகாரி நாராயண ஐயர் தாமே கணிதம் கற்றவர். மாலை வேளைகளில் இருவரும் சிலேட்டுகளோடு அமர்வர். இராமானுஜன் படிகளைத் தாண்டித் தாண்டி விடைக்குப் பாய்வார். பிறருக்கும் விளங்குமாறு இடைப்படிகளை எழுதச் சொல்லி நாராயண ஐயர் வற்புறுத்துவார். அலுவலகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணை நின்றார். இப்படி இருவர் மேலே அமைந்தால் எந்த எழுத்தருக்குத்தான் ஊக்கம் பிறக்காது?

முன்பே கேம்பிரிட்ஜ் பேராசிரியர் இருவருக்கு எழுதியும் பயனில்லை. இருப்பினும் 1913 ஜனவரி 16 அன்று, ஹார்டி என்ற மூன்றாமவருக்கு எழுதினார். தாம் ஓர் எழுத்தர், பல்கலைக்கழகக் கல்வி இல்லாதவர் என்பதைத் தொடக்கத்திலேயே தெரிவித்துவிட்டு, ஏறத்தாழ 120 தேற்றங்களை இணைத்தார். ஹார்டியின் பாராட்டு மடல் வந்தபின் எழுதிய மறுமடலிலோ, தாம் அரைப்பட்டினிக்காரர் என்பதையும், மூளையைக் காக்க முதலில் உணவு வேண்டும் என்பதையும் ஒளிக்காமல் கூறினார். வறுமையைச் சொல்ல அவர் நாணவில்லை. இதுவே என்னை மிகவும் கவர்ந்தது.

அவ்வாண்டு மே முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. பதினான்கு மாத எழுத்தர் வாழ்வு முடிந்தது. 1914 மார்ச்சில் கப்பலேறினார். 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். இவை பாடநூல் செய்திகள்.

1919-இல் நோயோடு சென்னை திரும்பினார். 1920 ஜனவரி 12 அன்று ஹார்டிக்கு மீண்டும் ஒரு மடல் எழுதினார். அதில் உடல்நலக் கதை இல்லை. போலித் தீட்டாச் சார்புகள் என்ற புதுக் கண்டுபிடிப்பே இருந்தது. ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் மறைந்தார். வயது 32. அந்த இறுதி ஓராண்டில் அவர் எழுதிய தாள்களை, 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள்; அவற்றிலும் இடைப்படிகள் மிகக் குறைவு!