தேவசகாயம்

குச்சனூரில் நின்று மேற்கே நோக்குவார்க்குத் தோன்றும் மலைத்தொடர், தெற்கே நெடுந்தொலைவு சென்று, குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழியில் ஒரு கணவாய்க்கு இடம் விடுகின்றது. காற்று ஓயாது வீசும் அவ்விடத்தில் காற்றாடிமலை என்னும் குன்று ஒன்று உளது. 1752ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 14ஆம் நாள் அக்குன்றின்மீது ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் போரிட வந்த பகைவர் அல்லர். உலகைத் துறந்த முனிவரும் அல்லர். மனைவியோடு இல்லறம் நடத்திய ஓர் அரண்மனை அலுவலர். அவர்தம் பெயர் தேவசகாயம்.

அவர் 1712ஆம் ஆண்டு நட்டாலம் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். உயர்குடிச் சிறுவர்க்குரிய கல்வியும் படைக்கலப் பயிற்சியும் பெற்று, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரிடம் பத்மநாபபுரத்தில் அலுவல் ஏற்றார். பார்கவி என்னும் நங்கையை மணந்தார். குறையென்று சொல்ல ஒன்றும் இல்லாத வாழ்வு அது.

1741ஆம் ஆண்டு குளச்சலில் மன்னர் படை ஒல்லாந்தர் படையை வென்றது. சிறைப்பட்டோருள் டி லனாய் என்பவரும் ஒருவர். மன்னர் அவர் திறமையை அறிந்து, தம் படைக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்புவித்தார். பகைவரிடத்தும் திறமையைக் கண்டு போற்றுதல் எல்லா மன்னர்க்கும் வாய்க்கும் பண்பன்று. டி லனாயும் நீலகண்டரும் நண்பராயினர்.

அக்காலத்தில் நீலகண்டரின் கால்நடைகள் மடிந்தன, பயிரும் அழிந்தது. மனம் சோர்ந்திருந்த அவருக்கு டி லனாய், விவிலியத்தில் வரும் யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். மக்களையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்த பின்னரும் இறைவனைப் பற்றிய பிடியை விடாத அம்மனிதரின் கதை நீலகண்டரின் நெஞ்சில் ஆழப் பதிந்தது. 1745ஆம் ஆண்டு அவர் வடக்கன்குளம் சென்று, பாதிரியார் புத்தாரியிடம் திருமுழுக்குப் பெற்றார். இறைவனின் துணை என்னும் பொருளில் தேவசகாயம் என்ற பெயர் அவருக்கு இடப்பட்டது. பார்கவி அம்மையாரும் பின்னர்த் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

புதிய சமயம் அவருக்கு வழிபாட்டோடு நிற்கவில்லை, நடக்கையிலும் புகுந்தது. தாழ்த்தப்பட்டோர் என ஊரார் ஒதுக்கியவரோடு அவர் வேறுபாடின்றிப் பழகினார். அன்றைய நாஞ்சில் நாட்டில் இஃது எளிய செயலன்று. அரண்மனையில் அவர்மீது வெறுப்பு வளர்ந்தது. 1749ஆம் ஆண்டு அவர் சிறைப்படுத்தப்பட்டார். சமயம் மாறியமையே காரணம் என்பார் ஒரு சாரார். அரசுக்கு எதிராக நடந்தார் என்னும் குற்றமே காரணம் என்பார் மற்றொரு சாரார். சிற்றரசுகளை ஒன்றுபடுத்தி வலிய அரசை நிறுவிய மார்த்தாண்டவர்மரைக் கொடியவர் என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுதலும் நேர்மையாகாது.

ஆயினும், பட்ட துன்பம் துன்பமே. ஒரே நாளில் முடிந்திருப்பின் அதனைத் தாங்குதல் ஒருவாறு எளிது. அவர் துன்பமோ ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நீண்டது. கைகளைப் பின்னே பிணித்து, எருக்கமாலை சூட்டி, எருமைமீது பின்புறம் நோக்கி அமர்த்தி அவரை ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். அரண்மனை அலுவலராக மக்கள் வணங்கிய தெருக்களிலேயே இந்த ஊர்வலம் நடந்தது. நாள்தோறும் பிரம்படி விழுந்தது. புண்களில் மிளகாய்ப்பொடி தடவி வெயிலில் நிறுத்தினர் என்பர். பழைய சமயத்திற்குத் திரும்பியிருப்பின் பதவியும் வீடும் மீண்டிருக்கும் என்றே அவர் வரலாறு கூறுவோர் உரைப்பர். அவர் திரும்பவில்லை.

பெருவிளை என்னும் ஊரில் அவரை ஒரு வேப்பமரத்தோடு பிணித்துப் பல திங்கள் வைத்திருந்தனர். துன்புறுத்தப்படுபவரைக் காண வேடிக்கையாக வந்தோர், நாளடைவில் தம் துயரைச் சொல்லி ஆறுதல் பெற வந்தனர். அவர்பொருட்டு இறைவனை வேண்டியது, கட்டப்பட்டு நின்ற அம்மனிதரே. காவலரின் உள்ளமும் இளகிற்று. அவர்கள் தப்பிச் செல்ல வழிவிட்டும் அவர் செல்ல உடன்படவில்லை என்று மரபு கூறும். புலியூர்க்குறிச்சியில் அவர் நீர்வேட்கையால் முழங்கையால் மோதிய பாறையில் நீர் சுரந்தது எனவும் மக்கள் வழிவழியாக நம்பி வருகின்றனர். அப்பாறையைக் காண இன்றும் பலர் செல்கின்றனர். ஆயினும் பாறையினும், பகைத்தோரை வைதறியாத அவர் நாவே எமக்குப் பெரிய வியப்பாகத் தோன்றுகின்றது.

இறுதியில் ஆணை வந்தது. நடக்கவும் வலியற்றிருந்த அவரை இரவில் காற்றாடிமலைக்குக் கொண்டு சென்றனர். அவர் சிறிது நேரம் வழிபட இசைவு வேண்டினார், தந்தனர். வழிபாடு முடிந்ததும் துப்பாக்கிகள் முழங்கின. அப்போது அவருக்கு வயது 39. காட்டிலே கிடந்த உடலின் எச்சங்களைச் சில நாள் கழித்து அன்பர் திரட்டிக் கோட்டாற்றுச் சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தனர். ஞானப்பூ அம்மையார் வடக்கன்குளத்தில் தம் எஞ்சிய நாள்களைக் கழித்தார்.

2012ஆம் ஆண்டு கோட்டாற்று மறைமாவட்டத்தில் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிசு அவரைப் புனிதராக அறிவித்தார். துறவறம் பூணாத இந்தியர் ஒருவர் இந்நிலை பெற்றது அதுவே முதன்முறை. நெடுங்காலம் அவர் பெயருக்குப் பின் வழங்கி வந்த பிள்ளை என்னும் குலப்பெயர், அன்றைய அறிவிப்பில் இடம்பெறவில்லை. தேவசகாயம் என்று மட்டுமே அழைத்தனர்.