இடிக்காமல் ஊரைத் திருத்தச் சொன்ன பேட்ரிக் கெடிஸ்

பம்பாய் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்த முதல் பேராசிரியர்

நெரிசலான பழைய கடைத்தெரு. பாதை குறுகல். சாக்கடை நிரம்பி வழிகிறது. மேல்மாடியில் குடும்பங்கள், கீழே கடைகள், நடுவில் கைவண்டிகள். இதை எப்படிச் சீர்திருத்துவது?

இடித்துத் தள்ளிவிட்டு அகலமாக ஒரு சாலை போட வேண்டும் என்று அதிகாரிகள் சொல்வார்கள். இன்று மட்டும் அல்ல, நூறு ஆண்டுகளுக்கு முன்பும் இதே பதில்தான்.

அந்தப் பதில் தவறு என்று வாதாடிய ஒருவர் அப்போது இருந்தார். அவர் என்ஜினீயர் அல்ல. கட்டிடக் கலைஞரும் அல்ல. செடிகொடிகளைப் பற்றிப் பாடம் நடத்திய தாவரவியல் பேராசிரியர். பெயர் பேட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்துக்காரரான இவர் 1914 முதல் 1924 வரை இந்தியாவில் ஏறக்குறைய ஐம்பது ஊர்களை நடந்தே பார்த்து ஆராய்ந்தார். தஞ்சாவூரும் மதுரையும் அவற்றில் அடங்கும்.

பாங்கி வேலை பிடிக்கவில்லை

1854-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி ஸ்காட்லாந்தில் உள்ள பாலட்டர் என்ற சிற்றூரில் கெடிஸ் பிறந்தார். தந்தை ராணுவத்தில் பணிபுரிந்தவர். பெர்த் நகருக்கு அருகே ஒரு குன்றின் மேல் இருந்த சிறிய வீட்டில் கெடிஸ் வளர்ந்தார். தோட்ட வேலையில் தந்தைக்குத் துணையாக இருந்த அந்த நாட்களில்தான் செடிகளின் மேல் அவருக்கு ஆசை பிறந்தது.

பிள்ளை பாங்கியில் சேர்ந்து முன்னுக்கு வர வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். கெடிசும் அதற்குக் கட்டுப்பட்டு உள்ளூர் பாங்கி ஒன்றில் சிறிது காலம் குமாஸ்தா வேலை பழகினார். கணக்குப் புத்தகத்தில் மனம் நிற்கவில்லை. லண்டனுக்குச் சென்று, புகழ்பெற்ற விஞ்ஞானி ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். பட்டம் எதுவும் வாங்கவில்லை. கடைசிவரை பட்டம் இல்லாத பேராசிரியராகவே வாழ்ந்தார்.

1879-ல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ நாட்டுக்குப் போன இடத்தில் அவருக்குக் கண்பார்வை போயிற்று. பல வாரங்கள் இருட்டு அறையில் அடைபட்டுக் கிடந்தார். பார்வை திரும்பியபோதும், மைக்ராஸ்கோப்பில் நெடுநேரம் பார்க்கும் சக்தி கண்ணுக்கு இல்லை. வேறொருவராக இருந்தால் இடிந்து போயிருப்பார். கெடிஸ் தம் ஆராய்ச்சியைச் செடிகளிலிருந்து மனிதர்களின் பக்கம் திருப்பினார். ஒரு செடி மண்ணோடும் தண்ணீரோடும் எப்படிப் பிணைந்திருக்கிறதோ, அப்படியே ஒரு குடும்பம் தன் தெருவோடும் தொழிலோடும் பிணைந்திருக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. வேரோடு பிடுங்கி வேறிடத்தில் நட்டால் எல்லாச் செடியும் பிழைப்பதில்லை.

சேரிக்குக் குடிபோன தம்பதிகள்

எடின்பரோ நகரின் பழைய பகுதியில் ஒரு காலத்தில் பிரபுக்களும் அறிஞர்களும் வாழ்ந்தார்கள். பள்ளத்தாக்குக்கு அப்பால் புதுநகரம் எழும்பியதும் வசதி படைத்தவர்கள் அங்கே போய்விட்டார்கள். விட்டுச்சென்ற உயரமான மாடி வீடுகளில் ஏழைகள் அறைக்கொரு குடும்பமாக நிறைந்தார்கள். குப்பையும் நோயும் பெருகின.

1886-ல் கெடிசுக்கும் அன்னா மார்ட்டனுக்கும் திருமணம் நடந்தது. அன்னா லிவர்பூல் வியாபாரி ஒருவரின் மகள், இசை கற்றவர். இந்தத் தம்பதிகள் வசதியான புதுநகரத்தில் வீடு பார்க்கவில்லை. பழைய நகரில் ஜேம்ஸ் கோர்ட் என்ற சேரிக் கட்டிடத்தில் குடியேறினார்கள். தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் ஒரு காலத்தில் வாழ்ந்த இடம் அது.

அங்கே அவர்கள் உபதேசம் செய்யவில்லை. தங்கள் வீட்டைச் சுத்தம் செய்து வெள்ளையடித்தார்கள். ஜன்னலில் பூந்தொட்டி வைத்தார்கள். அண்டை வீட்டார் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அவர்களும் கைகொடுத்தார்கள். முற்றிலும் பாழடைந்த கட்டிடங்களை மட்டும் அகற்றி, காற்றுக்கு வழிவிட்டு, மற்றவற்றைப் பழுது பார்த்தார் கெடிஸ். மாணவர்கள் தாங்களே நிர்வகிக்கும் விடுதிகளையும் அதே பகுதியில் ஏற்படுத்தினார்.

நல்ல காரியம்தான், ஆனால் பணம் வேண்டுமே! கெடிஸ் கடனில் மூழ்கினார். 1896-ல் நண்பர்கள் சேர்ந்து ஒரு கம்பெனி அமைத்துப் பொறுப்பை ஏற்றதால் அவர் தப்பினார். இதற்கிடையே 1888 முதல் டண்டீ நகரில் தாவரவியல் பேராசிரியர் பதவியும் வகித்து வந்தார். டண்டீ சணல் ஆலைகள் நிறைந்த தொழில் நகரம். வங்காளத்திலிருந்து கப்பலில் போன சணல் அங்கேதான் சாக்காக மாறியது. ஆலைத் தொழிலாளியின் வீடு எப்படி இருக்கும் என்பதை ஏட்டில் படித்து அறிய வேண்டிய அவசியம் கெடிசுக்கு இல்லை.

எம்டன் மூழ்கடித்த கப்பல்

நகரங்களைப் பற்றிய வரைபடங்களையும் படங்களையும் பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேகரித்து, ஊர் ஊராகக் கண்காட்சி நடத்தினார் கெடிஸ். அதைச் சென்னையிலும் நடத்தும்படி கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அழைத்தார். 1914-ல் கெடிசும் மூத்த மகன் அலஸ்டேரும் புறப்பட்டு வந்தார்கள். கண்காட்சிச் சாமான்கள் கிளான் கிராண்ட் என்ற வேறு கப்பலில் வந்தன.

அது முதல் உலகப் போர்க் காலம். அந்த ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இரவு சென்னையில் குண்டு வீசிய ஜெர்மன் கப்பல் எம்டனைத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சாமர்த்தியசாலியை எம்டன் என்று அழைக்கும் வழக்கமே அதிலிருந்து வந்ததுதான். அதே எம்டன் அக்டோபர் மாதம் கிளான் கிராண்ட் கப்பலையும் வழிமறித்து மூழ்கடித்தது. கெடிசின் வாழ்நாள் சேகரிப்பு கடலுக்குள் போயிற்று.

அவர் திரும்பிப் போகவில்லை. நண்பர்கள் வேறு படங்களையும் வரைபடங்களையும் திரட்டி அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது.

தஞ்சையில் போட்ட கணக்கு

பின்னர் சென்னை ராஜதானியின் ஊர்களைப் பார்வையிட்டார். அவர் வேலை செய்த விதம் அதிகாரிகளுக்கு விசித்திரமாக இருந்தது. காரும் நுழையாத சந்துகளில் வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நாள் முழுவதும் நடப்பார். எந்த வீடு உறுதியானது, எது இடிந்தது, எங்கே கிணறு, எங்கே மரம், எங்கே கோவில் என்று குறித்துக்கொள்வார்.

தஞ்சைக் கோட்டைக்குள் நெரிசலைக் குறைக்க, வீடுகளை இடித்து நேர்கோட்டில் சாலைகள் போடும் திட்டம் ஒன்று இருந்தது. கெடிஸ் அந்தத் தெருக்களில் நடந்து பார்த்தார். இடிந்து கிடந்த மனைகளைச் சுத்தம் செய்து, தேவையான இடத்தில் மட்டும் ஒன்றிரண்டு சுவர்களை விலக்கி, சிறுசிறு திறந்த வெளிகள் அமைத்து மரம் நட்டால் போதும் என்று வரைந்து காட்டினார். இதற்கு ஆகும் செலவு பழைய திட்டத்தின் செலவில் ஆறில் ஒரு பங்குதான்!

நோயாளியின் உடம்பில் கெட்டுப்போன பாகத்தை மட்டும் நீக்கி உயிரைக் காக்கும் டாக்டரின் முறை இது. குறுகிய சந்து என்பதாலேயே அது கெட்டது ஆகிவிடாது என்பது கெடிசின் கருத்து. வெயில் நாட்டில் அந்தச் சந்துதான் நிழல் தருகிறது. அகலமான சாலை வெயிலையும் புழுதியையும் தருகிறது. கொசுவுக்குப் பயந்து குளங்களைத் தூர்க்க வேண்டாம், மீன் விட்டால் அது கொசுப்புழுவைத் தின்றுவிடும் என்றும் எழுதினார்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக அவர் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. இடிக்கப்படும் வீட்டில் இருப்பவர்கள் எங்கே போவார்கள்? அவர்கள் ஊரைவிட்டு மறைந்து போவதில்லை. பக்கத்துத் தெருவில் போய் நெருக்கியடித்துக் குடியிருப்பார்கள். ஆகவே இடிப்பதால் நெரிசல் குறைவதில்லை, இடம்தான் மாறுகிறது.

மனைவியிடம் மறைத்த செய்தி

1917-ம் ஆண்டு கெடிசின் வாழ்க்கையில் பேரிடி விழுந்தது. போர்முனைக்குச் சென்றிருந்த மகன் அலஸ்டேர் பிரான்சில் கொல்லப்பட்டார். தந்தி வந்தபோது அன்னா இந்தியாவில் கடும் நோயில் படுத்திருந்தார். இந்தச் செய்தி அவர் உயிரைப் போக்கிவிடும் என்று அஞ்சிய கெடிஸ் அதைச் சொல்லவில்லை. மகன் முன்னரே எழுதிய கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. அவற்றை மனைவிக்குப் படித்துக் காட்டினார். அந்த ஜூன் மாதம் லக்னோவில் அன்னா காலமானார். மகன் இறந்தது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

இந்தோரில் ஒரு தீபாவளி

துக்கத்தை வேலையில் மறந்தார் கெடிஸ். இந்தோர் சமஸ்தானத்தில் அப்போது பிளேக் நோய் பரவியிருந்தது. வரைபடத்துடன் திரியும் கிழட்டு வெள்ளைக்காரரைக் கண்டு மக்கள் பயந்தார்கள். வீட்டை இடிக்க வந்தவர், நோயைக் கொண்டு வந்தவர் என்று பேசிக்கொண்டார்கள்.

தீபாவளி ஊர்வலத்தைத் தாம் நடத்த அனுமதி பெற்றார் கெடிஸ். எந்தத் தெருவில் வீடுகள் நன்றாகச் சுத்தம் செய்யப்படுகின்றனவோ, அந்தத் தெரு வழியாகவே ஊர்வலம் வரும் என்று அறிவித்தார். ஊரே போட்டி போட்டுக்கொண்டு வெள்ளையடித்தது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது.

ஊர்வலத்தில் யானை, குதிரை, ராவணன் உருவம், பிளேக் எலியின் பெரிய உருவம் எல்லாம் வந்தன. துப்புரவுத் தொழிலாளர்களும் வெள்ளை உடை அணிந்து, மாலை சூடி, அலங்கரித்த வண்டிகளுடன் அணிவகுத்து வந்தார்கள். ஊர் அவர்களை மரியாதையோடு பார்த்த நாள் அது. முடிவில் ராவணனும் எலியும் தீக்கிரையாயின. நோயும் தணிந்தது. பிளேக்கின் பருவம் முடியும் தருவாயில் இருந்ததும் அதற்கு ஒரு காரணம். ஆனால் மக்களின் பயம் தெளிந்தது. வீட்டை இடிக்க வந்தவர் அல்ல என்று தெரிந்ததும் அவர்கள் கெடிசை வரவேற்றார்கள்.

பம்பாயில் கேட்காத காதுகள்

1919-ல் பம்பாய் பல்கலைக்கழகம் சமூகவியல் துறையைத் தொடங்கி, கெடிசை முதல் பேராசிரியராக நியமித்தது. 1924 வரை அவர் அப்பதவியில் இருந்தார். தாடிக்குள்ளேயே முணுமுணுப்பதுபோல் பேசுவார். பின்வரிசை மாணவர்களுக்குப் பாதி கேட்காது. கேட்டவர்கள் மறக்கவில்லை.

அன்றைய பம்பாய் பஞ்சாலைகளின் நகரம். 1896-ல் பிளேக் நோய் தாக்கியபின், 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஏற்பட்டது. பிரின்சஸ் தெரு, சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு போன்ற அகலச் சாலைகள் நெரிசலான பேட்டைகளைப் பிளந்துகொண்டு வந்தன. காற்று வந்தது உண்மை. வீடிழந்தவர்கள் அடுத்த பேட்டையில் அடைந்ததும் உண்மை.

1920-ல் கவர்னர் லாயிட் வேறொரு பெரிய திட்டம் தொடங்கினார். தொழிலாளர்களுக்கு 50 ஆயிரம் ஒற்றை அறை வீடுகள் கட்டுவதாகத் திட்டம். அவைதான் பி.டி.டி. சால்கள். மனிதர்கள் வாழ்வதற்கு வீடு கட்டாமல், ஆட்களை அடுக்கி வைக்கக் கிடங்கு கட்டுகிறார்கள் என்று கெடிஸ் கண்டித்தார். அரசு கேட்கவில்லை. ஒர்லி, நாய்காவ், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய இடங்களில் 207 கட்டிடங்கள், சுமார் 16 ஆயிரம் அறைகள் எழும்பியதோடு திட்டம் நின்றது. ஒர்லியில் பல அறைகள் ஆண்டுக்கணக்கில் காலியாகவே கிடந்தன. யாருக்காகக் கட்டினார்களோ அந்தத் தொழிலாளர்களே அங்கு போக விரும்பவில்லை.

ஆனால் காலம் செல்லச் செல்ல அந்தச் சால்களும் நிரம்பின. வராந்தாக்கள் தெருவாயின. பண்டிகை, பஜனை, சங்கம் எல்லாம் அங்கே வேரூன்றின. கிடங்கை வீடாக மாற்றியவர்கள் அதில் வாழ்ந்தவர்கள்தான்.

கடைசி நாட்கள்

1924-ல் உடல்நலம் குன்றி இந்தியாவை விட்டுப் புறப்பட்ட கெடிஸ், தென் பிரான்சில் மாண்ட்பெல்லியர் நகரில் ஒரு கல்லூரியை நிறுவி அங்கேயே வாழ்ந்தார். முன்பு மறுத்த சர் பட்டத்தைக் கடைசிக் காலத்தில் ஏற்றுக்கொண்டார். 1932 ஏப்ரல் 17-ந் தேதி காலமானார்.

அவருடைய அறிக்கைகளில் பல அலுவலக அலமாரிகளிலேயே தங்கிவிட்டன. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி தங்கவில்லை. 2017-ல் பி.டி.டி. சால்களை இடித்து அடுக்குமாடிகள் கட்டும் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நம்மவர்கள் மூன்று தலைமுறையாக வாழும் தாராவியிலும் இதே பேச்சுதான். அங்கே தோல் பட்டறையும் இட்லி வியாபாரமும் வீட்டோடு சேர்ந்தே நடக்கின்றன. இருபதாவது மாடியில் அறை கிடைக்கலாம், அடுப்பும் பட்டறையும் அங்கே ஏறுமா? கடைகளை அகற்றி அகலப்படுத்திய எத்தனையோ சாலைகளில் இன்று நடப்பவனுக்கு இடமில்லை. இருபுறமும் கார்கள் நிற்கின்றன.

பழைய தெரு அப்படியே அழுக்கோடு இருக்கட்டும் என்று கெடிஸ் ஒருநாளும் சொல்லவில்லை. குடிநீர், கழிப்பிடம், காற்று, வெளிச்சம் எல்லாம் வேண்டும் என்றார். ஆனால் இடிக்கும் முன் அந்தத் தெருவில் நடந்து பார், அங்கே இருப்பவனைக் கணக்கில் சேர் என்றார். வரைபடத்தில் கோடு போடுவது ஒரு நிமிட வேலை. அந்தக் கோட்டின் கீழே ஒருவன் முப்பது ஆண்டு உழைத்து உண்டாக்கிய பிழைப்பு இருக்கிறது.