சென்னையின் நேரத்தைக் கணித்தவர்

நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையிலுள்ள வானிலை ஆய்வு மைய வளாகத்தில் பதினைந்தடி உயரக் கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் எழுத்துகள் பொறிக்கப்பெற்ற அத்தூணின் எடை ஏறத்தாழ 10 டன். 1792ஆம் ஆண்டு அங்கு எழுப்பப்பட்ட வானாய்வகத்தின் தொலைநோக்கி, சிறிதும் அசையாதிருக்கும் பொருட்டு இத்தூணின் மீது பொருத்தப்பட்டது. அதன் வழியே விண்மீன்களை நோக்கிச் சென்னைக்கு நேரம் கணித்தவர் ஜான் கோல்டிங்காம்.

1767இல் பிறந்த கோல்டிங்காம், எழும்பூரில் வில்லியம் பெட்ரி தம் சொந்தச் செலவில் நடத்திவந்த வானாய்வகத்தில் உதவியாளராகப் பணியைத் தொடங்கினார். நுங்கம்பாக்கம் ஆய்வகத்தை வடிவமைத்த மைக்கேல் டாப்பிங் 1796இல் மறைந்தபின் அதன் பொறுப்பை ஏற்றார். டாப்பிங் 1794இல் எட்டு மாணவர்களுடன் தொடங்கிய நில அளவைப் பள்ளியையும் அவரே நடத்தினார். அப்பள்ளிதான் வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரியாயிற்று. அண்ணா சாலை அருகே விளங்கும் இராஜாஜி மண்டபமும் அவர் வடிவமைத்ததே.

எனினும், அவர் பெயரை நிலைநிறுத்தியது கடிகாரமே. ஒவ்வோர் ஊரும் கதிரவனைக் கொண்டு தன் நேரத்தைத் தானே வகுத்துக்கொண்ட காலம் அது. கிரீன்விச் நேரத்துக்கும் சென்னை நேரத்துக்கும் உள்ள வேறுபாடு தெரிந்தால், சென்னையின் தீர்க்கக்கோடு தெரிந்துவிடும். அதில் ஒரு விநாடி பிழைத்தாலும் வரைபடத்தில் ஊர் ஏறத்தாழ 450 மீட்டர் நகர்ந்துவிடும். அத்தகைய பிழை, கரை நோக்கி வரும் கப்பலுக்கு உயிர்க்கேடாக முடியக்கூடும்.

பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள இரு கடிகாரங்களை ஒப்பிடுவது எங்ஙனம்? தந்தி அப்போது இல்லை. கோல்டிங்காம் வானத்தையே தூதாக்கினார். வியாழனின் நிலவு அக்கோளின் நிழலுள் மறையும் கணம், அதைக் காணும் ஊர்கள் அனைத்துக்கும் பொதுவானது. அக்கணத்தில் ஒவ்வோர் ஊரின் கடிகாரமும் காட்டும் நேரத்தை ஒப்பிட்டால் வேறுபாடு கிடைக்கும். இவ்வாறு ஆய்ந்து, 1802இல் சென்னை நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது என அவர் நிறுவினார். அதே ஆண்டில் பரங்கிமலைப் பகுதியில் அடிக்கோடு அளந்து நில அளவையைத் தொடங்கிய லாம்டனும், இவ்வானாய்வகத்தையே தீர்க்கக்கோட்டின் தொடக்கப் புள்ளியாகக் கொண்டார்.

இந்த அளவு முற்றிலும் சரியானதன்று. உண்மை மதிப்பைவிட ஏறத்தாழ 15 விநாடி மிகுதி. நிலத்தில் அது ஆறு கிலோமீட்டருக்கும் மேல். நிலவு சட்டென மறைவதில்லை, மெல்ல மங்குகிறது. மறைந்த கணம் எது என்பதைக் கண்ணும் கருவியும் தீர்மானிக்கும்போது விநாடிகள் நழுவுகின்றன.

செய்தி வந்துசேர எடுக்கும் நேரமும் கோல்டிங்காமின் ஆய்வுப்பொருளாயிற்று. 1820, 1821ஆம் ஆண்டுகளில், ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வெடித்த பீரங்கிகளின் ஒளி தோன்றியதற்கும் ஒலி கேட்டதற்கும் இடையிலான நேரம் நுங்கம்பாக்கத்தில் அளக்கப்பட்டது. மலையிலிருந்து ஒலி ஒன்பது கிலோமீட்டர் கடந்து வந்தது. தியாகராய நகர் தோன்றாத அக்காலத்தில் அவ்வழியே நீண்டதோர் ஏரி கிடந்தது. வெப்பமான மாதங்களில் ஒலி விரைந்து வந்ததை அவர் பதிவு செய்தார். அவர் கண்ட வேகத்தின்படி, கோட்டைப் பீரங்கியின் ஒலி மயிலாப்பூரை அடைய ஏறத்தாழ 15 விநாடியும் அடையாற்றை அடைய 25 விநாடியும் ஆகும். அதைக் கேட்டுக் கடிகாரம் திருத்துவோர் இக்காலத்தைக் கணக்கிற் கொள்ளவேண்டும்.

கம்பியில்லா வலைப்பின்னல்களை அமைப்போர் முன்னும் இதே கணக்கு நிற்கிறது. ஒவ்வொரு கணுவிலும் ஒரு கடிகாரம் உண்டு. ஒவ்வொன்றும் தன்போக்கில் சிறிது பிந்தும், முந்தும். அவற்றை ஒன்றிணைக்க அனுப்பும் வானொலி அலையோ ஒன்பது கிலோமீட்டரைக் கடக்க 30 மைக்ரோ விநாடி எடுக்கும். ஐந்தாம் தலைமுறை அலைபேசிக் கோபுரங்களில் அலைவரிசையைக் காலப்பங்கீடு செய்யும்போது, அண்டைக் கோபுரங்களிடையே 3 மைக்ரோ விநாடிக்கு மேல் வேறுபாடு கூடாது. தவறினால் ஒன்றன் குரல் மற்றொன்றின் குரலை அழித்துவிடும். கணுவிலிருந்து கணுவுக்குச் செய்தி தாவும் வலைப்பின்னலில், ஒவ்வொரு தாவலிலும் பிழை சேர்ந்துகொண்டே போகும் என்பது கூடுதல் இடர்.

கோல்டிங்காம் 1830இல் ஓய்வுபெற்று, 1849இல் இங்கிலாந்தில் காலமானார். பின்னர் இருப்புப்பாதைகள் பெருகியபோது, பம்பாய் நேரத்துக்கும் கல்கத்தா நேரத்துக்கும் இடைப்பட்டதாய் அமைந்த சென்னை நேரம் இந்தியத் தொடர்வண்டிகளின் பொதுநேரமாயிற்று. தந்தி வழியே நிலையங்களின் கடிகாரங்கள் சென்னையோடு ஒத்தியங்கின. 1906 சனவரி முதல் நாள் இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வரும்வரை அந்நேரம் வழக்கிலிருந்தது.