வயிற்றின் அளவறிந்த மருத்துவர்

வடசென்னை மக்கள் ஸ்டான்லி மருத்துவமனையைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று வழங்குவர். 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது அப்பகுதியில் எழுந்த மணியக்காரர் சத்திரத்தில் ஏழைகட்குக் கஞ்சி வார்த்தமையே இப்பெயர்க்குக் காரணமாம். பசித்தவர்க்குக் கஞ்சியே முதலில் ஏற்றதாவது ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடுவோமாயின், சென்னையில் நெடுங்காலம் பணியாற்றிய வில்லியம் ராபர்ட் கார்னிஷ் என்னும் ஆங்கில மருத்துவரின் வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சென்னை மருத்துவப் பணியிற் சேர்ந்த கார்னிஷ், தென்னாட்டு மக்கள் உண்பனவற்றையும் சிறைக்கூடங்களின் உணவையும் ஆராய்ந்து 1860-களில் ஒரு நூல் வரைந்தார். பின்னர்ச் சுகாதார ஆணையரானார். 1871-ஆம் ஆண்டின் சென்னை மாகாண மக்கட்தொகைக் கணக்கும் அவர் மேற்பார்வையில் எடுக்கப்பட்டதே.

1876-இல் மழை பொய்த்தது, பெரும்பஞ்சம் மூண்டது. நிவாரண வேலைக்கு மக்கள் திரண்டனர். வைசிராய் லிட்டன் பிரபுவின் பிரதிநிதியாக 1877 ஜனவரியில் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், செலவைக் குறைக்கக் கருதி, உழைக்கும் ஆடவனுக்கு நாட்கூலி ஓர் இராத்தல் தானியத்தின் விலையும் சிறு காசுமே போதும் என்று வரையறுத்தார்.

கார்னிஷ் இதனை வன்மையாக மறுத்தார். மண் சுமப்பவனுக்கும் வாளாவிருப்பவனுக்கும் உணவளவு ஒன்றாகாது என்றார். தானியம் மட்டும் உண்டால் தசைக்கு உரமில்லை. பருப்பு முதலியனவும் வேண்டும் என்றார். பட்டினி நீடித்தபின் செரிக்கும் ஆற்றலே அழியும். அதன்பின் எத்துணை உணவிட்டும் பயனில்லை என்றும் எச்சரித்தார்.

இதன் உண்மையை இராயபுரமே காட்டிற்று. அங்கிருந்த நிவாரண முகாம் மருத்துவமனையில் மாண்டோரின் உடல்களை மருத்துவர் அலெக்சாண்டர் போர்ட்டர் அறுத்து ஆராய்ந்தார். குடற்சுவர் மெலிந்து, உணவின் சாரத்தை உறிஞ்சும் உட்படலம் தேய்ந்திருக்கக் கண்டார். அவ்வாராய்ச்சி 1889-இல் நூலாயிற்று.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. வேகாத தானியத்தின் மாச்சத்து எளிதிற் செரியாது. நன்கு வெந்து குழைந்ததோ விரைவிற் செரிக்கும். கொழுப்பு இரைப்பையில் நெடுநேரம் தங்கும். கேழ்வரகுக் களி பசி தாங்கும் என்று நம் உழவர் கூறுதல் அது மெல்லச் செரிப்பதனாலன்றோ? மெல்லச் செரிப்பது உழைப்பாளிக்கு நலம். நெடும்பட்டினி கிடந்தவனுக்கோ அதுவே சுமை. ஆதலின் உணவின் தகுதி உணவில் மட்டும் இல்லை. அதனை ஏற்கும் வயிற்றிலும் உண்டு. கடும்பட்டினியுற்ற குழவிகட்கு முதலில் நீர்த்த பாலுணவைச் சிறிது சிறிதாக அளித்தலே இன்றைய மருத்துவ முறையும் ஆகும். ஒருங்கே மிகுதியாய் ஊட்டின் உயிர்க்கே இடர் நேரும்.

1877-இல் சென்னை அரசாங்கம் அக்குறைகூலியைக் கைவிட்டது. ஆயினும் அதற்குள் எண்ணிறந்தோர் மடிந்தனர். அப்பஞ்சத்தில் நாடெங்கும் இறந்தோர் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என மதிப்பிடுவர். கார்னிஷ் சொல் வென்றது. ஆனால் காலந் தாழ்த்தே வென்றது.

மேலிடத்தார் வகுத்த அளவைத் தாமும் ஓர் அரசாங்க அலுவலராயிருந்தே அவர் மறுத்துரைத்தார். கற்ற கல்வி பிறர் பசிக்குச் சான்று கூற வேண்டிய நாளில் நாம் வாய்மூடியிருப்போமோ? கஞ்சித்தொட்டியைக் கடக்குந்தோறும் இவ்வினா நம் நெஞ்சில் எழுவதாக.