வாயை மூட மறுத்த புலனாய்வு அதிகாரி

ஜோர்ஜ் பிக்கார் யூதர்களை விரும்பியவரல்லர். என்னை அவர்பால் ஈர்த்ததே அதுதான்.

1895இல் அவர் பிரெஞ்சு இராணுவப் புலனாய்வுப் பிரிவின் தலைவரானபோது, ஜேர்மனிக்கு உளவு பார்த்ததாக யூத அதிகாரி டிரைபஸ் தொலைதூரத் தீவொன்றில் சிறையிருந்தார். மறுவருடம் பிக்கார் கையெழுத்துகளை ஒப்பிட்டார். டிரைபஸைத் தண்டித்த ஆவணத்தை எழுதியவர் எஸ்தர்ஹாசி என்ற வேறொரு அதிகாரி!

மேலதிகாரிகள் வாயை மூடச் சொன்னார்கள், துனீசியாவுக்கு அனுப்பினார்கள். அவருக்குக் கீழிருந்த ஹென்றி போலிக் கடிதம் தயாரித்தார். யூதர்களின் இரகசியக் கூட்டொன்று பிக்காரை விலைக்கு வாங்கிவிட்டதாகக் கதை பரவியது. அதற்கு யார் ஆதாரம் கேட்டார்கள்? சிறை சென்றவரும் பிக்கார்தான்.

1898இல் போலி அம்பலமாகி ஹென்றி தற்கொலை செய்தபோதும், சிலர் அவரைத் தியாகியாக்கினார்கள்.

1906இல் டிரைபஸ் நிரபராதியானார். பிக்கார் போர் அமைச்சரானார். இங்கிலாந்துக்குத் தப்பிய எஸ்தர்ஹாசி, உளவுக்காகக் கடைசிவரை தண்டிக்கப்படவேயில்லை.